உத்தமமாய் நடக்க ஜெபிப்பது எப்படி: சோதனைக்கு முன்பே தொடங்கும் வழிகாட்டி

"ஆண்டவரே, என்னைப் பாவத்துக்கு விலக்கிக் காத்துக்கொள்ளும்" என்று ஞாயிற்றுக்கிழமை கண்ணீரோடு ஜெபித்த தம்பி, புதன்கிழமை வந்து "அண்ணே, மறுபடியும் விழுந்துட்டேன்" என்பான். வாலிபர் கூட்டத்தில் பல வருஷமாக இதைக் கேட்டுவருகிறேன். அவன் ஜெபமும் உண்மைதான், கண்ணீரும் உண்மைதான். பெரும்பாலும் கோளாறு வரிசையில் இருக்கிறது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். முதலில் செய்ய வேண்டியதைச் செய்வதே இல்லை.

கெத்செமனேயில் இயேசு, "நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று சீஷர்களிடம் சொன்னார் (மத்தேயு 26:41). சொன்ன நேரத்தைக் கவனியுங்கள். அவரைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் கூட்டத்தோடு இன்னும் வந்து சேரவில்லை. வேலைக்காரி பேதுருவைப் பார்த்துக் கேள்வி கேட்பதும், அவன் இயேசுவைத் தெரியாது என்று மறுதலிப்பதும் அதற்கும் பிறகுதான். தயாராக வேண்டிய அந்த நேரத்தைப் பேதுரு தூங்கிக் கழித்தான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே போகின்றன: சோதனைக்கு முன்னால் ஜெபம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

தொடங்குமுன் தேவையானவை

ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா. போனில் எழுத வேண்டாம்; பலருக்குச் சோதனையே அந்தப் போன் வழியாகத்தான் வருகிறது, ஜெபக்குறிப்பைத் திறக்கப்போய் வேறெதையோ திறந்துவிடுவோம். அச்சடித்த வேதாகமம். காலையில் 15 நிமிடம், ராத்திரி 5 நிமிடம். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் என்று ஆரம்பிப்பவர்கள் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே தேவனுடைய பிள்ளை என்ற நிச்சயத்தோடு தொடங்குங்கள். நல்லவனாகிவிட்டால் ஏற்றுக்கொள்வார் என்று நினைத்து இதைச் செய்தால், ஒவ்வொரு விழுகையும் உங்களை ஜெபத்தை விட்டே துரத்திவிடும். ஏற்றுக்கொள்ளப்பட்டவன் விழுந்தால் வீட்டுக்குத்தான் ஓடுவான்.

1. முதலில் 'சோதனை' என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டு வேறு காரியங்களுக்கு ஒரே சொல்தான் வருகிறது. யாக்கோபு முதல் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். 2ஆம் வசனத்தில் சோதனைகளில் அகப்படும்போது சந்தோஷமாக எண்ணச் சொல்கிறார். 13ஆம் வசனத்தில், சோதிக்கப்படுகிற எவனும் நான் தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று சொல்லக்கூடாது என்கிறார். முந்தையது வெளியிலிருந்து வந்து அழுத்தும் பாடு. பிந்தையது உள்ளே இருக்கிற ஆசை நம்மை இழுப்பது.

மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது முந்தைய வகை. அதனால் கல்லாவில் கை வைக்கலாமா என்று தோன்றுவது பிந்தைய வகை. இரண்டும் கைகோத்து வருவதால் குழப்பம். "இந்தச் சோதனையை எடுத்துப்போடும் ஆண்டவரே" என்று பணக் கஷ்டத்துக்காக மட்டும் ஜெபித்துவிட்டு, கல்லாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்துவிடுகிறோம். பாடுகளில் பொறுமையைக் கேளுங்கள். இச்சையில் தப்பிக்க வழியைக் கேளுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இங்கே இன்னொரு தவறும் நடக்கும். எல்லாவற்றையும் பிசாசின் தலையில் போட்டுவிட்டு, சத்தமாகக் கடிந்து ஜெபித்துவிட்டுப் போவது. பிசாசு இருக்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வசனத்தில் யாக்கோபு, அவனவன் "தன்தன் சுய இச்சையினாலே" இழுக்கப்படுகிறான் என்கிறார். என் ஆசைக்கு என் பெயரைப் போடாதவரை, அதை நான் அறிக்கையிடவே முடியாது.

2. பெயர் சொல்லுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1 யோவான் 2:16 உலகத்திலுள்ளவைகளை மூன்றாகப் பிரிக்கிறது: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. நோட்டில் மூன்று தலைப்பாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் வாழ்க்கையில் அது எந்த உருவத்தில் வருகிறது என்று எழுதுங்கள். உடம்பு சம்பந்தப்பட்டதை எல்லோரும் உடனே எழுதிவிடுவார்கள். மூன்றாவது தலைப்பு காலியாகவே கிடக்கும். சாட்சி சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்வது, காணிக்கைக் கவரில் பெயர் வாசிக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது, கடன் வாங்கியாவது கல்யாணத்தைப் பெரிதாக நடத்துவது எல்லாம் அங்கேதான் வரும்.

ஹார்ட்வேர் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி முதல் தடவை எழுதியது "பண ஆசை". ஆசை எந்த நாளில், எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டேன். "பொய் பில்" என்று மாற்றி எழுதினான். இன்னும் கொஞ்சம் கிட்டே போ என்றேன். மூன்றாவது தடவை இப்படி எழுதினான்: "மேஸ்திரி வந்து, தம்பி, சிமெண்ட் மூட்டைக்கு 20 ரூபாய் கூட்டிப் பில் போடு, உனக்கு 5 ரூபாய் என்பார். சாயங்காலம்தான் வருவார். முதலாளி டீ குடிக்கப் போயிருப்பார். மாசக் கடைசியாக இருந்தால் என்னால் மறுக்க முடியவில்லை."

இதைத்தான் ஜெபத்தில் வைக்க முடியும். யார், எப்போது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடக்கிறது, அன்றைக்கு நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. "பண ஆசை" என்று ஜெபித்தால், மேஸ்திரி வந்து நிற்கும்போது அந்த ஜெபம் ஞாபகத்துக்கே வராது.

ஓர் எச்சரிக்கை. இச்சையான பார்வை, ஆபாசப் படம் போன்றவற்றில் நேரமும் இடமும் மட்டும் எழுதுங்கள். பார்த்ததை விவரித்து எழுதாதீர்கள், ஜெபத்திலும் விவரிக்காதீர்கள். மனக்கண்ணில் அந்தப் படத்தை மறுபடி ஓட்டிக்கொண்டே விடுதலை கேட்கிறவர்கள் உண்டு; முழங்காலிலிருந்து எழும்போது இச்சை கூடித்தான் இருக்கும். "ராத்திரி 11 மணிக்கு மேல், தனி அறை, கையில் போன்" என்பது போதும்.

3. பழைய கணக்கை முடியுங்கள்

அறிக்கையிடாத பழைய காரியம் உள்ளே கிடக்கும்போது, புதிய சோதனைக்கு எதிராக ஜெபிக்க வாய் வராது. 1 யோவான் 1:9ஐ வைத்து, 2ஆம் படியில் எழுதிய ஒவ்வொன்றையும் அறிக்கையிட்டு மன்னிப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு நன்றியும் சொல்லுங்கள். நன்றி சொல்லாதவர்கள் அதே பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுக்கொண்டிருப்பார்கள்.

பணமோ பொருளோ சம்பந்தப்பட்டிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று நின்றுகொண்டு சொன்னான் (லூக்கா 19:8). நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பஸ்ஸில் போய்விட்டு ஆட்டோவுக்குக் கணக்கு எழுதிப் பணம் வாங்கியிருக்கிறேன். உண்மையாய் நடக்க உதவும் என்று பல மாதம் ஜெபித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த வவுச்சர்தான் கண்முன்னால் வந்து நின்றது. ஒருநாள் கூட்டிப் பார்த்து 1,340 ரூபாயைக் கணக்குப் பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த அக்கா பணத்தை எண்ணினார், ரசீது எழுதினார், ஒன்றும் கேட்கவில்லை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி ஜெபிக்கும்போது வவுச்சர் வரவில்லை.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண்ணைத் தப்பாக நினைத்தேன் என்று அந்தப் பெண்ணிடமே போய்ச் சொல்வது அறிக்கையாகாது. உங்கள் பாரத்தை எடுத்து அவள் தலையில் வைப்பது அது. மனதில் நடந்ததைத் தேவனிடம் சொல்லுங்கள். பெரிய தொகை, வழக்கு, பிறர் வேலைக்கு ஆபத்து என்று வந்தால், 8ஆம் படியில் சொல்லும் ஆளிடம் முதலில் கலந்துகொண்டு பிறகு நடங்கள்.

4. ஒரு வசனத்தை எடுத்து ஜெபமாக்குங்கள்

சொந்த வார்த்தையில் மட்டும் ஜெபித்தால் நாம் மெதுவாகப் பேரம் பேச ஆரம்பித்துவிடுவோம். வனாந்தரத்தில் இயேசு மூன்று சோதனைக்கும் உபாகமத்திலிருந்துதான் பதில் சொன்னார். அந்த வசனங்கள் அவருக்குள் ஏற்கெனவே இருந்தன.

ஒரு மாதத்துக்கு ஒரே பகுதி. பத்து வசனங்களை எழுதிச் சுவரில் ஒட்டினால் ஒன்றுகூட நிற்காது. வாய்தான் உங்கள் பிரச்சினை என்றால் சங்கீதம் 141:3 ("கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்"). கண் என்றால் சங்கீதம் 119:37. எது பிரச்சினை என்றே பிடிபடவில்லை என்றால் சங்கீதம் 139இன் கடைசி இரண்டு வசனங்கள். வீட்டுக்குள் ஒருவிதம், வெளியே ஒருவிதம் என்று இருப்பவர்களுக்குச் சங்கீதம் 101. அதில் தாவீது, உத்தம இருதயத்தோடு நடப்பதாகச் சொல்லும் இடம் சொந்த வீடு.

பணத்துக்கு நான் கொடுப்பது நீதிமொழிகள் 30:8-9, ஆகூரின் ஜெபம். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று கேட்கிறான்; படி என்றால் இங்கே தனக்குரிய பங்கு. இரண்டு பக்கத்துக்கும் காரணம் சொல்கிறான்: நிறைந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், குறைந்தால் திருடிவிடுவேன். தன்னை இவ்வளவு சரியாக எடைபோட்டு ஜெபித்தவர்கள் குறைவு. ஹார்ட்வேர் கடைத் தம்பி இதை இப்படி மாற்றிக்கொண்டான்: "ஆண்டவரே, இந்த மாதச் சம்பளம் நீர் எனக்கு அளந்த படி. மூட்டைக்கு 5 ரூபாய் நீர் அளந்தது இல்லை. மாசக் கடைசியில் குறைந்தால் உம்மிடம் கேட்கிறேன், மேஸ்திரியிடம் வாங்க மாட்டேன்." வசனத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது, சதை அவனுடையது.

5. காலையிலேயே தீர்மானித்து, வழியை அடையுங்கள்

தானியேல் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாதென்று முதலில் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டான் (தானியேல் 1:8). அதிகாரியிடம் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தட்டு முன்னால் வந்தபின் யோசிக்கிறவனுக்கு வாசனையே பதில் சொல்லிவிடும்.

காலை ஜெபத்தில் அன்றைய நாளை மனதில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். எங்கே சறுக்கும் என்று தெரிகிறதோ அந்த இடத்தில் நின்று, நீங்கள் சொல்லப்போகிற வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். தம்பியின் வாக்கியம்: "அண்ணாச்சி, உள்ள விலைதான் போடுவேன், கோவிச்சுக்காதீங்க." வாய்விட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறைகூட உச்சரிக்காத வார்த்தை நெருக்கடியில் தொண்டையைத் தாண்டாது.

பிறகு வழியை அடைப்பது. துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாதீர்கள் என்கிறது ரோமர் 13:14. ராத்திரி போனை ஹாலில் சார்ஜ் போடுங்கள், எழுப்புவதற்கு 200 ரூபாய்க்கு ஓர் அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வைத்து விளையாடும் ஆப்பை நீக்குங்கள், வங்கிக் கணக்கு இணைப்பையும் எடுத்துவிடுங்கள். குடிக்கக் கூப்பிடும் நண்பன் நிற்கும் தெரு வழியாகப் போகாதீர்கள், பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் சுற்றித்தான் ஆகும். இதையெல்லாம் செய்யாமல் ஜெபிப்பவர், கதவைத் திறந்து வைத்துவிட்டு நாய் வரக்கூடாது என்று ஜெபிக்கிறார்.

இந்த இடத்தில் புதியவர்கள் பொருத்தனை பண்ணுவார்கள்: "இனி வாழ்நாளில் ஒருபோதும் செய்யமாட்டேன்." வேண்டாம். வாழ்நாளை உங்களால் தூக்க முடியாது, அது உடையும்போது குற்ற உணர்வு இரட்டிப்பாகும். இன்றைக்கு, இந்தச் சாயங்காலத்துக்கு ஜெபியுங்கள். யோசேப்பையும் அவன் எஜமான் போத்திபாரின் மனைவி தினம்தினம்தான் தப்பான உறவுக்குக் கூப்பிட்டாள், அவனும் தினம்தினம்தான் மறுத்தான்.

6. அந்த நிமிடம் வந்ததும்: ஒரு வரி, அப்புறம் கால்

நீண்ட ஜெபத்துக்கு இப்போது நேரமில்லை. ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவில் நெகேமியா ஜெபித்துவிட்டான் (நெகேமியா 2:4-5). எத்தனை வார்த்தை இருந்திருக்கும்? "ஆண்டவரே, போக்கைக் காட்டும்" என்பதுபோல ஒரு வரியை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

போக்கு என்ற சொல்லை 1 கொரிந்தியர் 10:13இலிருந்து எடுத்திருக்கிறேன். தேவன் சோதனையோடுகூட "அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்" உண்டாக்குவார் என்கிறது அந்த வசனம். போக்கு என்றால் வெளியே போகும் வழி. அது இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டாம், எங்கே என்று தேடுங்கள். பல நேரம் மிகச் சாதாரணமாக இருக்கும்: அம்மாவின் போன் அழைப்பு, கடைக்குள் நுழையும் இன்னொரு வாடிக்கையாளர், எழுந்து போய்க் குடிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்.

பெரிய தவறு, சோதனை இருக்கிற அறைக்குள்ளேயே உட்கார்ந்து போராடி ஜெபிப்பது. போத்திபாரின் மனைவி பிடித்த வஸ்திரத்தை விட்டுவிட்டு யோசேப்பு வெளியே ஓடினான். முதலில் வெளியே வாருங்கள், மொட்டை மாடியிலோ தெருவிலோ நடந்துகொண்டு மீதி ஜெபத்தைச் சொல்லுங்கள்.

7. ராத்திரி ஐந்து நிமிடக் கணக்கு

மூன்றே கேள்வி. இன்றைக்கு எங்கே இழுப்பு வந்தது? அப்போது என்ன செய்தேன்? நாளைக்கு எதை மாற்ற வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்குங்கள்.

நின்ற நாட்களையும் கட்டாயம் எழுதுங்கள், எதனால் நின்றீர்கள் என்பதோடு. நன்றி சொல்ல அது வேண்டும். ஆனால் "40 நாள் ஆச்சு" என்று எண்ணிக்கையில் ஊறிப்போக வேண்டாம். போக்கைப் பற்றிய வசனத்துக்கு முந்தின வசனமே, நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறது.

8. ஒரே ஒருவரிடம் சொல்லி வையுங்கள்

குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபு 5:16. ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஜாக்கிரதை தேவை. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். விசுவாசத்தில் உங்களைவிட மூத்தவர். அடுத்தவர் விஷயத்தை உங்களிடம் இதுவரை ஒருமுறைகூடச் சொல்லாதவர். சொல்லியிருந்தால் உங்களுடையதும் வெளியே போகும்.

ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். "இந்தத் தம்பிக்காக விசேஷமாக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்து, ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் போய்விடும். அப்படி நொந்துபோய்ச் சபைக்கே வராமல் போன ஒரு பையன் இன்றும் என் ஜெபத்தில் இருக்கிறான்.

வாரம் ஒருமுறை அவர் உங்களிடம் 2ஆம் படியில் எழுதியதைப் பெயர் சொல்லிக் கேட்கட்டும். "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் அண்ணே" என்று முடிந்துவிடும்.

தினமும் அதிகமாகக் குடிக்கும் பழக்கம் உள்ளவர் டாக்டரையும் பார்க்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவம் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

9. விழுந்தால், அன்றைக்கே திரும்புங்கள்

விழுந்தபின் மூன்று நாள் ஜெபிக்காமல் இருப்பதுதான் மிகவும் வழக்கமான தவறு. தகுதி இல்லாமல் எப்படிப் போய் நிற்பது என்ற கூச்சம். அந்த மூன்று நாளில்தான் இரண்டாவது, மூன்றாவது விழுகை நடக்கிறது. சங்கீதம் 51ஐத் திறந்து, அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே ஜெபியுங்கள். உபவாசம் இருந்து உங்களை நீங்களே தண்டித்துவிட்டு அப்புறம் வரலாம் என்று தள்ளாதீர்கள். உபவாசம் நல்லது, ஆனால் மன்னிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல.

திருவிருந்து ஞாயிறில் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. 1 கொரிந்தியர் 11:28ஐ முழுதாகப் படியுங்கள்: தன்னைத்தானே சோதித்தறிந்து, புசிக்கச் சொல்கிறது. சோதித்தறிந்துவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. அறிக்கையிட்டு, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

பிறகு நோட்டை எடுத்து, எந்தப் படி விட்டுப்போனது என்று பாருங்கள். தம்பி ஒருமுறை விழுந்தான். அன்றைக்குக் காலை ஜெபம் இருந்தது, வசனம் இருந்தது. வாக்கியத்தை மட்டும் அவன் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கவில்லை. மேஸ்திரி முன்னால் நாக்கு எழவில்லை. அடுத்த முறை சொன்னான். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் எதிர்க் கடைக்குப் போய்விட்டார். வியாபாரம் ஏன் குறைந்தது என்று முதலாளி கேட்டபோது நடந்ததைச் சொல்லிவிட்டான், முதலாளி கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். நோட்டில் அந்த வரியை இப்போது அடித்துவிட்டான். அதற்குக் கீழே வேறொன்று எழுதியிருக்கிறான். அதற்கு எந்த வசனத்தை எடுக்கலாம் என்று போன வாரம் வந்து கேட்டான்.